முந்தாமல் ஓடின பந்தயம்

நவம்பர் பிறந்தால் மொன்ட்ரியாலில் எல்லாருக்கும் ஒரே அவசரம். முதல் பனி விழமுன்னம் காருக்குக் குளிர்கால டயர் மாற்றவேண்டும். அந்த வருடம் நானும் கார்டெரியில், நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில், கடைசிப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, பெயின்ட் பட்ட வேலை உடுப்போடு எங்கள் காரை டயர்க்கடைக்குக் கொண்டுபோனேன்.

கடை எனக்குப் புதிதல்ல. அதன் முதலாளிதான் என் கணவரின் தங்கை, என் மச்சாள், ஓட்டிய பந்தயக் காருக்குக் காசு போட்டு ஆதரவு கொடுத்தவர். அவளுடைய அண்ணி என்பதால் அங்கே எனக்கு எப்போதும் தனி மரியாதை. வாசலில் கண்டதும் யாராவது எழும்பி வந்து சாவியை வாங்குவார்கள். அன்றைக்கு ஒருவரும் எழும்பவில்லை. கணினியைப் பார்த்தபடியே ஒருவன் கையை நீட்டினான். நான் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோப்பி மெஷினுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

எதிர்ச் சுவரில் புதுப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. நீலமும் வெள்ளையுமாக மச்சாளின் கார். கதவில் அவளுடைய அதே இலக்கம். காருக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலாளியின் மகன். அவனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி என் கணவர். வருகிற கோடைக்கான புதிய அணி என்று கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தது.

அந்தப் படத்தில் அவர் போட்டிருந்த சட்டை நான் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தது. வேலையிடத்தில் பெரிய கூட்டம் என்று சொல்லி, கொலர் மடிப்பு நேராக வரவேண்டும் என்று இரண்டாம் முறையும் மினுக்கச் சொன்ன சட்டை.

பக்கத்துக் கதிரையில் இருந்த மனிதர் நான் போஸ்டரைப் பார்ப்பதைக் கண்டார். "அந்த அராபியப் பிள்ளை ஓட்டத்தை விட்டிட்டுதாம். கலியாணம் செய்யப்போகுதாம். பாவம், நல்லா ஓடினது" என்றார்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"இஞ்ச கடையில எல்லாரும்தான் சொல்லுகினம்."

அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் என் தமிழில்தான் எழுதமுடியும். இனி வருகிற கதைகளும் அப்படித்தான்.

என் கணவர் லெபனான்காரர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே செயின்ட்-மிஷேலில் வளர்ந்தவள். இரண்டு வீடும் கத்தோலிக்க வீடு. கலியாணப் பேச்சு வந்தபோது என் அம்மா முதலில் அழுதுவிட்டு, பிறகு "வேதக்காரப் பெடியன்தானே" என்று தன்னையே தேற்றிக்கொண்டார். அவருடைய அம்மாவும் அரபியில் ஏறக்குறைய அதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இவரை நான் "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவதைக் கேட்டு, கன நாளாகத் தமிழில் தன் பெயரே அதுதான் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். இவரை இன்றும் "அவர்" என்றுதான் எழுதுகிறேன். அது பழக்கம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அவருடைய தங்கைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்த தமிழ்ச்சொல் மச்சாள். இருவரும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிடலாம் என்று சொன்னபோது அவளுக்கு அது பிடித்துவிட்டது. யார் பெரியவள், யார் சின்னவள் என்ற பேச்சே இல்லாத ஒரு சொல் தன் மொழியில் இல்லை என்றாள்.

அவள் கார் பழகியது பியர்பொன்ட்ஸில், அவர்களுடைய அம்மாவின், என் மாமியின், வீட்டுக்குக் கிட்டவுள்ள கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில். ஞாயிறு காலை, பூசைக்குப் போக முன்னம், பனி மூடிக் கிடக்கிற அந்த வெறும் வெளியில் அண்ணனும் தங்கையும் மாறிமாறிக் காரைச் சுழற்றுவார்கள். நான் பின்சீற்றில் இருப்பேன். அவர் ஓட்டினால் கோப்பி என் மடியில் ஊற்றும். அவள் ஓட்டினால், கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்போதும் என் கையில் இருக்கிற கோப்பி சிந்தாது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

முதல் கோடையில் இரண்டு பேரும் ஒரே காரில் பந்தயம் ஓடினார்கள். காலையில் அவர், பின்னேரம் அவள். அவர் ஒவ்வொரு முறையும் பின்தங்கினார். ஒரு நாள் காற்று எதிர்த்து அடித்தது என்றார். இன்னொரு நாள் டயர் சூடாகவில்லை என்றார். கோடை முடியமுன்னம் கையுறையைக் கழற்றி அவளுடைய மடியில் போட்டு, "இனி நீ ஓடு. மற்ற எல்லாத்தையும் நான் பாக்கிறன்" என்றார். என்ன பெரிய மனம் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தேன்.

அவள் வென்றாள். கியூபெக்கின் சின்னப் பந்தயங்கள்தான். ஆனாலும் பத்திரிகையில் படம் வந்தது. அராபியப் பெண், வேகமான அராபியப் பெண் என்று எழுதினார்கள். மாமிக்கு அது பிடிக்கவில்லை. "நாங்கள் லெபனான் கிறிஸ்தவர்கள் எண்டு எழுதச் சொல்லு" என்றார்.

"அரபிதானே அம்மா கதைக்கிறம். விடுங்கோ" என்பாள் மச்சாள்.

டயர்க்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவருடைய காசில் புதுக் கார் வந்தது. ஒரு சஞ்சிகைக்காரர் படம் எடுக்க வந்தபோது பையில் ஒரு முக்காட்டுத் துணியும் கொண்டுவந்தார். ஹெல்மெட்டுக்குப் பதிலாக அதைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கவேண்டுமாம். மச்சாள் துணியைப் பார்த்தாள். "நான் இது போடுறதில்லை. என்ர அம்மாவும் போடுறதில்லை" என்றாள். என் கணவர் அவளைத் தள்ளிக்கொண்டுபோய், "ஒரே ஒரு படம். முதலாளி ஆசைப்படுறார்" என்று கெஞ்சினார். அவள் கட்டிக்கொண்டாள். என்னோடு கார்டெரியில் வேலை செய்த அல்ஜீரியாக்காரி உண்மையாகவே முக்காடு போடுகிறவள். சஞ்சிகையைப் பார்த்துவிட்டு, "இது என்ர தலையில இருந்தா வேலைக்கு எடுக்க யோசிக்கினம். உன்ர மச்சாளின்ர தலையில இருந்தா அட்டைப்படம்" என்றாள். நான் அதை மச்சாளிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

இதெல்லாம் டயர்க்கடைக் கதிரையில் இருந்தபோது வரிசையாக மனதில் ஓடியது. கார் தயாரானதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பியர்பொன்ட்ஸுக்குப் போனேன்.

மச்சாள் வாசலில் நின்றாள். பனிக்காலத்துக்குக் காரை மூட இங்கே எல்லாரும் போடுகிற வெள்ளைக் கூடாரத்தைத் தனியாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கண்டதைச் சொன்னேன். அவள் வேலையை நிறுத்தவில்லை. துணியை இழுத்துக் கடைசி முடிச்சையும் போட்டாள்.

"என்ர நம்பரோடையோ?"

"ஓம்."

"அண்ணாவும் படத்தில நிக்கிறானோ?"

"ஓம்."

"சிரிச்சுக்கொண்டு?"

"ஓம்."

"பல் தெரியவோ?"

"ஓம்."

அவளுக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மாமியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் எல்லாவற்றையும் விளக்கினார். முதலாளியின் மகன் ஒரு கோடை ஓடிப்பார்க்கட்டும் என்றார். தன்னை முழுநேர அணி மேலாளராக எடுத்திருக்கிறார்கள் என்றார். இதெல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்றார். அவளுக்கும் வயது போகிறது, எப்பவும் எண்ணெய் மணத்தோடு நிற்கிற பெட்டையை யார் கட்டுவான் என்றார். மாமி அவருடைய கோப்பையில் சோறு போட வந்த கையைப் பாதியில் நிறுத்தி, கரண்டியைச் சட்டிக்குள் திரும்ப வைத்தார். மச்சாள் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு எழும்பிக் கை கழுவினாள். அன்றிலிருந்து அவள் அண்ணனோடு கதைக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் அவர் என்னோடு கோபித்தார். "நீ ஏன் அவளுக்குச் சொன்னனி? நான் ஆறுதலாச் சொல்ல இருந்தனான்."

"எப்ப?"

"பேந்து" என்றார். பிறகு என்பதற்கு நாங்கள் சொல்லுகிற சொல், என்னிடமிருந்து பொறுக்கியது. குப்பை எறியச் சொன்னாலும், கட்டிலுக்குக் கூப்பிட்டாலும் நான் சொல்லுகிற பேந்து.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. என் தங்கைமார் கோப்பை எறிவார்கள், கதவை அடிப்பார்கள், அரை மணித்தியாலத்தில் சிரிப்பார்கள். நான் அப்படியில்லை. நான் கோபத்தை மடித்து வைப்பேன். அந்த இரவு அவருடைய சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து, கொலர் மடிப்புப் பிசகாமல் மினுக்கி மாட்டினேன்.

குளிர்காலம் முழுவதும் மச்சாள் இன்னொரு கார் தேடினாள். வாரநாட்களில் ஓட்டுநர் பள்ளியில் பழக்குநராக வேலை. பின்னேரங்களில் கராஜ் கராஜாக ஏறி இறங்கினாள். டயர்க்காரர் முந்திக்கொண்டு எல்லா இடமும் சொல்லி வைத்திருந்தார், அவள் சொல்வழி கேட்காதவள் என்று. கடைசியில் மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஹெயிட்டிக்காரர் கதவைத் திறந்தார். அவரிடம் அடிபட்டுத் திருத்திய பழைய பந்தயக் கார் ஒன்று இருந்தது. ஓடினவனுக்கு முதுகு போய்விட்டதாம்.

"என்னட்ட நல்ல டயர் இல்லை, நல்ல எஞ்சினும் இல்லை" என்றார் அவர்.

"ஸ்டியரிங் இருக்குத்தானே" என்றாள் மச்சாள்.

அவர் சிரிக்காமல் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலை உடுப்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பந்தயத்தின்போது ஓட்டுகிறவளோடு வயர்லெஸ்ஸில் கதைக்க ஒரு ஆள் வேண்டும். அந்தச் சின்னப் பந்தயங்களில் எல்லா அணியும் மற்ற எல்லா அணியையும் ஒட்டுக்கேட்கும். பிரெஞ்சில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் மறு நிமிடம் எதிரிக்குத் தெரியும். அரபியில் சொல்லலாம் என்றால், என் கணவர் அங்கே நிற்கிறார்.

"தமிழில கதைப்பம்" என்றாள் மச்சாள்.

மாமியின் சமையலறையில் கோப்பை கழுவியபடி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வலம், இடம், விடு, முந்து, சூடு, இப்ப, பேந்து. முந்து என்ற சொல்லை அவள் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே திரிந்தாள். அவருக்கும் கொஞ்சத் தமிழ் தெரியுமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆனால் கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பிடித்துக்கொண்டது சாப்பாட்டுப் பெயர்களும் நாலைந்து சொற்களும்தான். கேட்டாலும் கேட்கட்டும் என்று விட்டேன்.

"உங்கட தங்கச்சிக்கு உதவிக்குப் போறன்" என்று அவரிடம் சொன்னேன்.

"நல்லது. ஆராவது அவளோட நிக்கத்தானே வேணும்" என்றார். நான் போனால் வீட்டில் சமாதானம் வரும் என்று நினைத்தார்.

அந்தக் கோடையில் பந்தய நாட்களில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கார் புறப்பட்டது. ஒன்றில் டயர்க்கடையின் பெயர் போட்ட ஜக்கெட்டோடு அவர். மற்றதில் ஹெயிட்டிக்காரர் தந்த பழைய தொப்பியோடு நான். இரண்டு பேருக்கும் நானே சாப்பாடு கட்டினேன். ஒரு நாளும் அவருடையதில் உப்புக் குறைத்ததில்லை.

தொடக்கத்தில் எங்களுக்கு எதுவும் சரிவரவில்லை. ஒரு நாள் கியர் உடைந்தது. ஒரு நாள் மழையில் தேய்ந்த டயரோடு வேலியில் போய் முட்டினாள். மறுபக்கம் அவளுடைய நீலக் காரில் அந்தப் பெடியன் வென்றுகொண்டிருந்தான். அவன் மோசமான ஓட்டக்காரன் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளூர் வானொலிக்காரர் மைக்கை நீட்டியபோது, "இந்தக் காரை இதுவரைக்கும் பூனைக்குட்டி மாதிரித் தடவி ஓட்டியிருக்கினம். நான்தான் தட்டி எழுப்பினனான்" என்றான். பக்கத்தில் நின்ற என் கணவர் தலையாட்டினார். நாங்கள் மூன்று அடி தள்ளி நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மச்சாள் நிமிரவில்லை. அவள் துடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பெயின்ட் கழன்றுவிடும் போலிருந்தது.

கோடையின் கடைசிப் பந்தயம் நகரத்துக்கு வடக்கே மலைகளுக்குள் இருக்கிற ஓடுபாதையில் நடந்தது. டயர்க்காரர் பெரிய கூடாரம் போட்டிருந்தார். இறைச்சி சுட்டார்கள். வாடிக்கையாளர், சொந்தக்காரர், கோயில் ஆட்கள் என்று சனம் நிறைந்திருந்தது. முதலாளியின் மகன் அன்றைக்கு வென்றால் கோடையின் கிண்ணமும் அவனுக்கே. மாமியையும் என் கணவர் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருத்தியிருந்தார். மகனின் வெற்றியைத் தாய் பார்க்கட்டுமாம். எந்தப் பிள்ளையின் பந்தயத்தைப் பார்க்க மாமி சம்மதித்து வந்தார் என்று அவர் கேட்டிருக்கவில்லை.

பெடியன் முதல் இடத்தில் புறப்பட்டான். மச்சாள் நடுவில் எங்கோ இருந்தாள். நான் பாதையோரம் அணிகள் நிற்கிற பிட் சுவரில் ஹெட்போனோடு நின்றேன். ஹெயிட்டிக்காரர் எனக்குப் பக்கத்தில். முதல் சுற்றிலேயே அவள் சிலரைக் கடந்தாள். பிறகு ஒவ்வொருவராக. பழைய கார் அன்றைக்கு ஏனோ சொன்ன சொல் கேட்டது. பாதிப் பந்தயம் முடியமுன்னம் அவளுக்கு முன்னால் நீலக் கார் மட்டும்தான்.

அவள் அவனைப் பிடித்தாள். எங்கள் முன்னாலுள்ள நேர்ப்பாதையில் அவளுடைய காரின் மூக்கு அவனுடைய கதவுக்கு நேரே வந்தது. மலையடிவாரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக் பிடிக்கும்போது உள்ளே நுழைந்தால் வேலை முடிந்தது. எனக்கே தெரிந்தது, முந்தலாம் என்று. காதுக்குள் அவளுடைய குரல் வந்தது.

"மச்சாள், முந்தவோ?"

நாங்கள் முன்பே பேசி வைத்த திட்டம் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை. அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தப் போஸ்டரும், நேராக மடித்த கொலரும், பல்லும்தான். முந்தினால் அவன் தோற்பான். தோற்றவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். காற்று எதிர்த்தது, டயர் சூடாகவில்லை. எனக்கு அது போதவில்லை.

பொத்தானை அமத்தி, "பேந்து" என்றேன்.

காதுக்குள் ஒரு நொடி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் பின்வாங்கி, அவனுடைய பின் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டாள். தொடவில்லை. முந்தவில்லை. விலகவுமில்லை. அவனுடைய கண்ணாடி முழுவதையும் நிரப்பிக்கொண்டு ஓடினாள். அவன் உள்பக்கத்தை மறித்தான். அவள் வரவில்லை. வெளிப்பக்கம் போனான். அவள் அங்கேயும் பின்னால்தான். ஒவ்வொரு முறை எங்களைக் கடக்கும்போதும் அவனுடைய ஹெல்மெட் ஆடுவது எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைப் பார்க்கிறான், பாதையைப் பார்க்கிறான், திரும்பவும் கண்ணாடியைப் பார்க்கிறான்.

"இப்ப?" என்றாள் அவள்.

"பேந்து."

அடுத்த சுற்றில் அவள் கேட்கவில்லை. தானே, பாட்டுப் போல இழுத்து, "பே...ந்து" என்றாள்.

ஹெயிட்டிக்காரர் என் தோளைத் தட்டினார். "ஏன் முந்தாமல் நிக்கிறாள்? அவன்ர சூட்டுக் காத்தைக் குடிச்சு என்ர எஞ்சின் கொதிக்கப்போகுது. முந்தச் சொல்லு." நான் பிரெஞ்சு விளங்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தினமும் பிரெஞ்சில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவள் நான். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் என் கணவர் பிட் சுவர் ஓரமாக ஓடி வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. மற்ற அணிகளுக்கு அந்தச் சொல் வெறும் சத்தம். அவருக்கு மட்டும் விளங்கியிருந்தது.

"காணும்" என்றார். போதும் என்பதைத் தமிழில்தான் சொன்னார். அந்தச் சொல்லும் அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மற்றதைப் பிரெஞ்சில் சொன்னார். "காணும். முந்திப் போகச் சொல்லு. வெண்டு போகட்டும்."

"ஏன்?"

"பெடியன் பயந்துபோனான். வயர்லெஸ்ஸில அழுறான்."

"அழுறானோ?"

"அவன் சின்னப் பெடியன். நீதானே இதெல்லாம் சொல்லிக்குடுக்கிறாய்?"

"ஓம்" என்றேன்.

"உனக்கு அவன் என்ன செய்தவன்?"

"அவன் ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் போஸ்டரில போட்டிருந்த சட்டை நான் மினுக்கினது."

அவர் என்னைப் பார்த்தார். எந்தச் சட்டை, எந்தப் போஸ்டர் என்று அவருக்கு நினைவு வரவில்லை. மறந்தே போயிருந்தார். அதுவரைக்கும் எனக்கு எங்கோ ஒரு மூலையில் இரக்கம் இருந்திருந்தால், அதுவும் அந்த நொடியில் போய்விட்டது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமத்தினேன்.

"பேந்து."

அந்தச் சுற்றில், மலையடிவார வளைவில், அவன் பிரேக்கைப் பிந்திப் பிடித்தான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பான். நீலக் கார் திரும்பாமல் நேரே போய்ச் சரளைக்கல்லுக்குள் இறங்கியது. சில்லு நாலும் புதைந்தது. காருக்கு மேலே தூசி எழும்பி நின்றது. மச்சாள் வேகத்தைக் குறைக்காமல் வளைவை எடுத்துப் போனாள். தூசிக்குள்ளிருந்து பெடியன் நடந்து வந்தான். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. கையுறையைக் கழற்றிக் கல்லில் எறிந்தான்.

தூசி அடங்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. வெயிலில் நடந்து வந்து மண்பானைத் தண்ணீர் குடித்த மாதிரி என்று சொல்லலாம். பழிவாங்கினால் மனம் வெறுமையாகப் போய்விடும் என்று பலர் எழுதி வாசித்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் ஹெயிட்டிக்காரர் சொன்னதும் நடந்தது. முதலாவதாக ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் காரின் முன்மூடிக்குள்ளிருந்து வெள்ளையாக நீராவி கிளம்பியது. "சூடு, சூடு" என்று அவள் சொன்னாள். பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. கார் தானாக உருண்டு வந்து, டயர்க்காரரின் கூடாரத்துக்கு நேர் முன்னால், வேலியோரமாக நின்றது. வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாள் என்று நான் இன்றும் சொல்வேன். உருட்டம் அவ்வளவு தூரத்துக்குத்தான் இருந்தது என்று அவள் சொல்வாள். பந்தயத்தை வேறு யாரோ வென்றார். அவருடைய முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

மாமி கூடாரத்திலிருந்து எழும்பி வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். இருவரும் அரபியில் என்னவோ கதைத்தார்கள். பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும்போது, மகனுடைய பெரிய காரின் கதவு திறந்திருக்க, மாமி வந்து என் சின்னக் காரில் ஏறினார்.

ஹெயிட்டிக்காரர் கடும் கோபத்தில் இருந்தார். "உங்கட வீட்டுச் சண்டைக்கு என்ர எஞ்சினோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மச்சாள் அடுத்து வந்த குளிர்காலம் முழுக்க அவருடைய கராஜில் நின்று, எஞ்சினைப் பிரித்துத் தன் கையாலேயே திருத்திக் கொடுத்தாள். பனிக்காலம் முடிகிற நேரம் அது திரும்ப உயிர்த்தபோது அவர் வெளியே போய் இரண்டு கோப்பியோடு வந்தார். அதற்குப் பிறகு அவருக்காக இரண்டு கோடை ஓடி இரண்டிலும் கிண்ணம் எடுத்தாள். அவற்றில் முந்தவேண்டிய இடத்தில் முந்தினாள்.

டயர்க்காரர் அடுத்த கிழமையே என் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உன் தங்கை, உன் பெண்சாதி, உனக்கு விளங்குகிற மொழி, உன்னால் நிறுத்த முடியவில்லையா என்று கேட்டாராம். மகன் பந்தயத்தை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்கத் தொடங்கினான். எங்கள் வீட்டுக்குக் கிட்ட இரண்டு டயர்க்கடை இருக்கிறது. நான் ஒவ்வொரு நவம்பரும் அவர்களுடைய கடைக்குத்தான் போகிறேன். அவனே வந்து சாவியை வாங்குவான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாங்குவான். "மெர்சி" என்று நான் நன்றாகச் சிரித்து நன்றி சொல்வேன்.

நானும் கணவரும் பிரியவில்லை. பிரிந்திருந்தால் அவருக்கு லேசாகப் போயிருக்கும். புது வீடு, புது ஆட்கள், அவர்களிடம் சொல்லத் தன் பக்கத்துக் கதை. என்னோடு இருந்தால் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவர் இப்போது வேறிடத்தில் வேலை செய்கிறார். நல்ல மனிதர் என்று அங்கே சொல்லுகிறார்களாம். இருக்கலாம். சட்டையைத் தானே மினுக்கிக்கொள்கிறார்.

மச்சாள் இரண்டாவது கிண்ணம் எடுத்த காலத்தில் வளைகுடாப் பக்கம் புதிதாகப் பந்தயப் பாதைகள் திறந்தார்கள். அரபி கதைக்கிற, பந்தயம் வென்ற பெண் வேண்டும் என்று அங்கேயிருந்து மச்சாளைக் கேட்டு வந்தார்கள். போகும்போது அவள் போட்ட ஒரே நிபந்தனை, எந்தப் படத்திலும் தான் என்ன உடுப்பது என்பதைத் தானே தீர்மானிப்பேன் என்பது. அங்கே ஓடினாள், அங்கத்தைப் பெட்டையளுக்குப் பழக்கினாள். தொலைபேசியில் என்னோடும் மாமியோடும் மணிக்கணக்காகக் கதைப்பாள். அண்ணன் எடுத்தால் வைத்துவிடுவாள்.

முதல் தடவை விடுமுறைக்கு வந்தபோது, விமான நிலையத்துக்குத் தானும் வருவேன் என்று அவர் அடம்பிடித்தார். போகும் வழியெல்லாம், என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டார். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அவருக்கு முன்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள். அவர் கை கொடுக்கப் போனார். அவள் கையை எடுத்துக்கொண்டு, திரும்பவும் நீட்டினாள். அவருக்கு விளங்கியது. கார்ச் சாவியைக் கொடுத்தார்.

நான் முன்னால் ஏறினேன். அவர் பின்சீற்றில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார். அங்கிருந்து அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தான் செய்தது பிழை என்று அரபியில் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். அந்தளவு அரபி எனக்கும் விளங்கும்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். அதற்குள்ளால் அவரைப் பார்த்தாள்.

"பெல்ட்டைப் போடு" என்றாள்.

அவர் போட்டார். அவள் காரை எடுத்தாள்.